நாற்பத்தொரு ராத்தல்

கார்லண்ட் ப்ரூயிட் பந்தயக் காருக்குள் ஏறி உட்காருவது எடை போடுவதற்கு மட்டும்தான். முப்பத்திரண்டு வருஷமாக அவர் காருக்குச் சொந்தக்காரர். ஓட்டுகிறவர் இல்லை. 1967இல் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பச்சைக் கொடி விழுவதற்கு முன்னால், டயரைச் சூடேற்றுகிற சுற்றிலேயே, யாரும் தொடாமல் கார் தானாகச் சுழன்று புல்லில் போய் நின்றது. மர இருக்கைகளில் இருந்த சனம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. இறங்கி வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற ஒருவன் கையில் திணித்து, "எனக்குச் செய்யத்தான் வரும், ஓட்ட வராது. நீ ஏறு" என்றார். அவன் அன்றைக்கே மூன்றாவதாக வந்தான்.

வியாழக்கிழமை. அக்டோபர் கடைசி. காலையிலிருந்து மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. செம்மண் களி பூட்ஸில் அப்பி, ஒவ்வொரு காலும் இரண்டு கால் கனத்தது. மதியம்வரை ஒரு வீட்டுக் கொல்லையில் கழிவுத்தொட்டிக்குக் குழி வெட்டிவிட்டு வந்திருந்தார். அதுதான் அவர் தொழில். தொட்டி புதைப்பது, நிரம்பினால் உறிஞ்சி எடுப்பது. அதில் வந்ததைத்தான் இத்தனை வருஷமும் காரில் போட்டார்.

பட்டறையில் வெள்ளை நிற இருபத்தேழாம் எண் கார் நான்கு எடைப் பலகைகள்மேல் நின்றது. சக்கரத்துக்கு ஒரு பலகை. நான்கிலிருந்தும் கம்பி வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேரும். எந்தச் சக்கரத்தில் எத்தனை ராத்தல் என்று பெட்டி காட்டும். ஓட்டுகிறவன் உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் எடை சரியாக வரும். ஆனால் கார் ஓட்டும் கர்ட்டிஸ் ஹாட்நெட் டயர் ஆலையில் ஷிப்டு பார்க்கிறவன். வியாழக்கிழமை வர மாட்டான். அவனும் நூற்று எண்பத்திரண்டு ராத்தல், கார்லண்டும் நூற்று எண்பத்திரண்டு. அதனால் பதினொரு வருஷமாக அவனுக்குப் பதில் இவர் உட்காருகிறார்.

இரண்டு பேருக்கும் எடை தற்செயலாக ஒத்துப்போனதில்லை. அது நியோமாவின் வேலை. கர்ட்டிஸ் சேர்ந்த புதிதில் அவனைக் குளியலறைத் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு, புருஷனையும் நிறுத்திப் பார்த்தாள். "நீ ஆறு ராத்தல் கூட இருக்கே. இன்னையிலேருந்து ராத்திரி சோள ரொட்டி ஒண்ணுதான்" என்றாள். கர்ட்டிஸ் கல்யாணமாகிச் சதை போட்ட வருஷம் இவருக்கு மூன்று ரொட்டி கிடைத்தது, வெண்ணெயோடு. "கார்ல ஏறுறவன் அவன். வயித்தக் கட்டுறவன் நானா?" என்று இவர் கத்துவார். "ஆமா, நீதான்" என்பாள்.

எடை போடும்போது அவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். அவள் வெளியே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துச் சொல்வாள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. ஒவ்வொன்றும் சொல்லி, பென்சிலால் எழுதி, "எழுதிட்டேன்" என்பாள். அவர் "ம்" என்றால்தான் அடுத்தது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி துணி உலர்த்தப் போனவள் கொடிக்கம்பத்தின் அடியில் விழுந்து கிடந்தாள்.

அதற்குப் பிறகு பட்டறையில் கார் எடைப் பலகையில் ஏறுவது இதுதான் முதல் தடவை. வாரா வாரம் ஏற்றத் தேவையில்லை. டயரும் ஸ்பிரிங்கும் பார்த்தால் போதும். ஆனால் போன மாதம் மூன்றாவது வளைவில் கார் சுவரில் போய்க் குத்தி முன்பாகம் முழுக்க நசுங்கிவிட்டது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் குழாய் வளைத்து, ஒட்டி, மூக்கு வைத்து, ஐந்து வாரம் ஒற்றையாளாக வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது சுற்று. வருஷத்தின் கடைசிப் பந்தயம். டர்க்கி நாப் திடலில் அவருக்குப் பத்துப் பட்டம், மேனார்ட் டால்ட்டனுக்கும் பத்து. இந்த வருஷப் புள்ளியிலும் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எவன் கார் முன்னால் வருகிறதோ அவனுக்குப் பதினொன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பால் நாட்காட்டியில் அவர் எதுவும் எழுதவில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியாகக் காலை விட்டு உள்ளே இறங்கினார். முழுசாக மூச்சு விட்டு அசையாமல் இருந்தார். எண்கள் ஆடி நின்றன. நியோமா எழுதிவைத்திருந்த பழைய கணக்கைவிட மொத்தத்தில் நாற்பது ராத்தலுக்குமேல் குறைந்தது.

"புதுக் குழாய் மெலிசு" என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்க யாருமில்லை. அவருக்கு அது நியாயமாகப் பட்டது. குழாயும் மெலிசு, மூக்கும் புது மாதிரி. ஓட்டுகிறவனோடு சேர்த்துக் கார் மூவாயிரம் ராத்தலுக்குக் குறையக் கூடாது என்பது திடல் விதி. குறைச்சலை ஈடுகட்ட ஈயக் கட்டி எடுத்தார். இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடுகிற காருக்கு இடப்பக்கம் எடை கூடக்கூட வளைவில் பிடிமானம் கூடும். அதனால்தான் அதற்கு ஒரு வரம்பு. நூற்றில் ஐம்பத்தெட்டுப் பங்குக்குமேல் இடப்பக்கம் போகக் கூடாது. ஒரு துளி தாண்டினாலும் ஜெயித்த கார் ஜெயிக்காத கார். இடப்பக்கச் சட்டத்தில் கட்டிகளை வைத்து, போல்ட் முடுக்கி, ஏறிப் பார்த்து, இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்து, ஐம்பத்தேழு புள்ளி ஒன்பதில் நிறுத்தினார். மொத்தம் மூவாயிரத்து இரண்டு ராத்தல். தானே எழுதிக்கொண்டார்.

இருட்டுவதற்குள் கர்ட்டிஸ் போன் பண்ணினான்.

"எப்டி இருக்கு பெருசு?"

"கார் நல்லா இருக்கு."

"கார கேக்கல. உங்கள கேட்டேன்."

"நானா சுவத்துல போய் குத்துனேன்? நீதான குத்துன."

"அத விடவே மாட்டீங்களா? சாப்டீங்களா?"

"சாப்டேன்."

மத்தி மீன் டப்பாவைத் திறந்து, உப்பு பிஸ்கட் நாலைத் தொட்டு, பணிமேசை ஓரமாக நின்றபடியே தின்றிருந்தார். நியோமா போய்ச்சேர்ந்த பிறகு மூன்று வாரம் சர்ச் பெண்கள் மாறி மாறி மூடிபோட்ட பாத்திரம் கொண்டுவந்தார்கள். நாலாவது வாரம் பாத்திரங்களைத் திரும்ப வாங்க வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அடுப்பை அவர் தொட்டதில்லை. கால்சட்டைக்குத் தோள்பட்டி போடுகிறவர், அதனால் இடுப்பு தொளதொளத்தது அவருக்கும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம காலைல எனக்கு ஷிப்டு மாட்டிக்கிச்சு பெருசு. எட்டு மணி ஆய்வுக்கு வந்து சேர முடியாது. பத்துக்கு வந்துர்றேன்."

"வா. ஆய்வுக்கு நான் ஒக்காந்துக்கறேன். ஆய்வு பண்ற வெண்டெல் என்னைக்கி வேணாம்னான்?"

ஒன்பது பேர் அவருக்காக ஓட்டியிருக்கிறார்கள். முதல் ஆள் மரம் அறுக்கும் மில்லில் இரண்டு விரலை விட்டவன். எட்டு விரலாலேயே பதினேழு ஜெயித்தான். ஒருவன் குடித்தான், ஒருவன் தேவ ஊழியத்துக்குப் போனான். மூன்று பேரைப் பெரிய பந்தயக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் தொலைக்காட்சியில் வந்தார்கள், கிறிஸ்துமசுக்கு அட்டை அனுப்பினார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வெற்றி. திடலில் பழைய ஆட்கள் அந்தக் கணக்கைவிட இன்னொன்றைத்தான் முதலில் சொல்வார்கள். ப்ரூயிட்டின் கார் ஆய்வில் ஒரு நாளும் விழுந்ததில்லை. மேனார்ட் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். ஒரு தடவை கார் சட்டத்துக்குள் ஈயக் குண்டுகளை ஒளித்துவைத்து, ஓடும்போது ஒவ்வொன்றாக உதிரவிட்டு, பின்னால் வந்தவன் கண்ணாடியை உடைத்தார். அதை அவரே சிரித்துச் சொல்வார். "என்னய பிடிச்சானுங்க, ப்ரூயிட்ட பிடிக்கல. அவ்ளோதான் வித்தியாசம்" என்று சேர்த்துக்கொள்வார். முப்பத்திரண்டு வருஷமாக அதையே சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்து, பல் கூசுகிற குளிர். தீயணைப்புத் தொண்டர்கள் விடியலிலேயே பெரிய இரும்புக் கொப்பரையை ஏற்றி, கோழியும் சோளமும் அவரைப் பருப்பும் தக்காளியும் போட்டுத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். வருஷக் கடைசிப் பந்தயத்துக்கு அந்தக் குழம்பு இல்லாமல் தீராது. புகை தாழ்வாக வந்து டிரெய்லர்களுக்கு நடுவே நின்றது.

மேனார்ட் டால்ட்டன் புகையிலைக்காரர். மூவாயிரம் ராத்தல் காரைவிடத் தன் வயிறுதான் தள்ளக் கஷ்டம் என்று சொல்கிற ஆள். குழம்புக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"யோவ் பீ வண்டி! காத்து இந்தப் பக்கம் அடிக்குது, கொஞ்சம் தள்ளி நில்லு. சாப்பிடறம்ல."

"உன் பொகையிலயவிட இது நல்லா நாறும். யாரும் இருமிச் சாகல."

"பதினொண்ணு எனக்குத்தான். பெய்ன்டர்ட்ட சொல்லி வச்சிட்டேன்."

"போன வருசமும் சொன்ன. பாவம், அவன் இன்னும் தூரிகைய கழுவிட்டு நிக்கிறான்."

"இந்தா, குழம்பு குடி."

"அப்புறம்."

"வெசம் வெக்கலய்யா."

"அப்புறம்ங்கறன்ல."

ஆய்வுக் கொட்டகையில் வெண்டெல் யேட்ஸ் காதில் பென்சிலோடு நின்றார். பதினாறு வருஷமாகத் திடலின் ஆய்வாளர். தன் மச்சினன் காரையே தகுதி நீக்கம் செய்து, ஒரு வருஷம் மாமியார் வீட்டுச் சோறு இழந்தவர்.

"கர்ட்டிஸ் எங்க?"

"ஷிப்டு."

"சரி, நீயே ஏறு." பதினோரு வருஷப் பழக்கம். வெண்டெல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கார்லண்ட் ஏறினார். "மூவாயிரத்து ரெண்டு. இடது ஐம்பத்தேழு ஒம்பது. எப்பவும் போல ஓரத்துல கொண்டாந்து நிப்பாட்டிருக்க."

"வரம்பு இருக்கறது அதுக்குத்தான."

வெண்டெல் குனிந்து ஈயக் கட்டிகளைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் வெள்ளை அடித்து, கார் எண் எழுதியிருக்க வேண்டும், கழன்று விழுந்தால் யாருடையது என்று தெரிவதற்கு. ஒவ்வொன்றிலும் 27. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. நியோமாவின் கையெழுத்து. வெண்டெல் அதில் ஒரு கணம் விரலை வைத்தார். பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் சாயம் ஒரு பொட்டு வைத்தார். யாராவது திருகினால் பொட்டு உடையும்.

பத்து மணிக்குக் கர்ட்டிஸ் ஆலைச் சட்டையோடு ஓடிவந்து உடை மாற்றினான். பட்டையை முடுக்கிவிடும்போது கார்லண்டின் கையைப் பார்த்தான். "கடிகாரம் முழங்கையில கெடக்கு, பெருசு" என்றான். "பட்டி தேஞ்சுபோச்சு" என்றார் அவர்.

பந்தயத்தைக் கார்லண்ட் எப்போதும் நான்காவது வளைவு ஓரம், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தனியாகத்தான் பார்ப்பார். ரேடியோ காதில் மாட்டுவதில்லை. காரின் சத்தம் போதும். எண்பதாவது சுற்றுவரை கர்ட்டிஸ் ஐந்தாவதாகக் கிடந்தான், டயரைச் சேமித்துக்கொண்டு. நூறுக்கு மேல் ஒவ்வொன்றாக எடுத்தான். மேனார்டின் கறுப்புக் கார் வளைவில் மூக்கு வெளியே தள்ளித் தள்ளி மேலே போனது. வெள்ளைக் கார் கீழ்க் கோட்டில் ஒட்டிக்கொண்டு கடைசல் பிடித்த மாதிரி திரும்பியது. இத்தனை வருஷத்தில் இப்படித் திரும்பி அவர் பார்த்ததில்லை. இவ்வளவு நன்றாக இருக்கக் கூடாதே என்று தோன்றியது. ஆறு சுற்று மிச்சமிருக்கும்போது கர்ட்டிஸ் உள்பக்கம் நுழைந்து கறுப்புக் காரைத் தாண்டினான்.

கட்டம் போட்ட கொடி விழுந்ததும் வேலியிலிருந்து கையை எடுத்து, பழக்கத்தில், இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். நியோமா மடக்கு நாற்காலியோடு நிற்கும் இடம். அங்கே ஒரு குப்பைத் தொட்டி இருந்தது.

ஆய்வுக் கொட்டகையில் முதல் மூன்று கார்கள். பெட்ரோலை நிரப்பி, கர்ட்டிஸைத் தலைக்கவசத்தோடு உட்காரவைத்து, வெள்ளைக் காரை எடைப் பலகைமேல் தள்ளினார்கள். வெண்டெல் பெட்டியைப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தவர் எழுதவில்லை.

"எறக்குங்க. பலகைய தொடச்சிட்டு மறுபடி ஏத்துங்க."

ஏற்றினார்கள்.

"ஐம்பத்தெட்டு புள்ளி ரெண்டு" என்றார் வெண்டெல். 

மேனார்ட் முந்திக்கொண்டார். "நான் சொன்னப்பல்லாம் சிரிச்சீங்க. முப்பத்திரெண்டு வருசமா சொல்றேன். இப்ப பாருங்க."

"நான் ஒண்ணும் நகத்தல" என்றார் கார்லண்ட். "வெண்டெல், காலைல நீயேதான பாத்த?"

"காலைல பாத்ததுக்கு அப்புறம் கட்டி ஏத்திருப்பான்!" என்றார் மேனார்ட்.

வெண்டெல் மல்லாந்து காருக்கடியில் போனார். விளக்கு அடித்து ஒவ்வொரு போல்டாகப் பார்த்தார். வெளியே வந்தார். முதுகெல்லாம் புழுதி. "பொட்டு ஒண்ணுகூட ஒடயல. கட்டி அப்டியே இருக்கு."

"அப்ப எப்பிடி?"

"அதான் எனக்கும் தெரியல. மொத்தம் மூவாயிரத்து நாப்பத்து மூணு காட்டுது. காலையிலயவிட நாப்பத்தொண்ணு கூட. காருல எதுவும் ஏறல."

காருக்குள்ளிருந்து கர்ட்டிஸ் தலைக்கவசத்தைக் கழற்றினான். "காலைல நான் இல்ல" என்றான் மெதுவாக.

கொட்டகையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் கார்லண்டைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தார், பார்த்தார், மடித்தார். குழாய் மெலிசு என்று அவர் நம்பியிருந்தது அந்த மடிப்போடு போயிற்று.

"எறங்கு" என்றார் கர்ட்டிஸிடம்.

"வேணாம் பெருசு."

"எறங்குடா. கள்ளன்னு பேரு வாங்கிட்டு நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

அவன் இறங்கினான். சன்னலில் காலைத் தூக்கிப் போட்டு அவர் உள்ளே இறங்கினார். கர்ட்டிஸின் தோளுக்கு முடுக்கியிருந்த பட்டைகள் அவர்மேல் தொங்கின. இருக்கையின் விலாப்பலகைக்கும் அவர் விலாவுக்கும் நடுவே ஒரு கை போகிற இடம் இருந்தது. இந்த இருக்கையில் மூச்சு முட்ட உட்கார்ந்த ஞாபகம் அவருக்கு அப்போதுதான் வந்தது. கையை முழங்கால்மேல் வைத்து அசையாமல் இருந்தார்.

"சொல்லு."

வெண்டெல் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தார்.

"சொல்லுய்யா, எல்லாரும் கேக்கட்டும்."

"மூவாயிரத்து ரெண்டு. இடது ஐம்பத்தேழு புள்ளி ஒம்பது." வெண்டெல் பெட்டியைக் கீழே வைத்தார். "நூத்தி நாப்பத்தொண்ணுதான் இருக்கே நீ."

கூட்டத்தில் எவனோ தொடங்கிய சிரிப்பு பாதியில் நின்றது. மேனார்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவர்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலைல நான் ஒன்ன நிமிந்து பாத்திருக்கணும்" என்றார் வெண்டெல். "என் தப்பும் இருக்கு. ஆனா..."

"வரம்பு வரம்புதான். உன் மச்சினனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? எழுது."

வெண்டெல் எழுதினார். கார்லண்ட் உள்ளே உட்கார்ந்தபடியே தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இருபத்தேழு, தகுதி நீக்கம். கர்ட்டிஸ் கைகொடுத்து வெளியே தூக்கிவிட்டான். கொஞ்சம் பலமாகத் தூக்கிவிட்டான் போல. எதிர்பார்த்த பாரம் இல்லாததால் இரண்டு பேருமே தடுமாறினார்கள்.

மேனார்டுக்குக் கோப்பை கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் பேரைச் சொன்னார்கள். வெளியே வந்த மேனார்ட், டிரெய்லரில் கார் ஏற்றிக்கொண்டிருந்த கார்லண்டுக்கு எதிரே வந்து நின்றார். கார்லண்ட் காத்திருந்தார். பீ வண்டி என்று ஆரம்பித்தால் பதிலுக்குச் சொல்ல ஒன்று வைத்திருந்தார்.

"வீட்டுக்கு வாயேன், ப்ரூயிட்" என்றார் மேனார்ட். "எங்க வீட்டுக்காரி ஏதாவது பண்ணியிருப்பா."

"பார்க்கலாம்."

"வா."

"பார்க்கலாம், மேனார்ட்."

மேனார்ட் தலையை ஆட்டிவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த ஆள் ஏசாமல் விட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். பதினொன்று போனதைவிட அதுதான் கார்லண்டுக்குத் தாங்கவில்லை. முடுக்கின டிரெய்லர் சங்கிலியையே மறுபடி முடுக்கினார்.

திங்கட்கிழமை காலையில் கர்ட்டிஸின் பெண்டாட்டி மூடிபோட்ட பாத்திரம் ஒன்றைப் பட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே எடுத்து வைத்தார். குழி வெட்டுகிற இடத்துக்கு இன்றைக்கு வர முடியாது என்று சொல்லியனுப்பினார். காரை எடைப் பலகைகள்மேல் ஏற்றினார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அடுத்த பந்தயம் மார்ச்சில்தான்.

இடப்பக்கச் சட்டத்தின் போல்ட்களைக் கழற்றினார். மஞ்சள் பொட்டுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. வியாழக்கிழமை ஏற்றின கட்டிகளை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். இரண்டு கட்டி, இருபது இருபது ராத்தல். உள்ளே ஏறி உட்கார்ந்து, குனிந்து சன்னல் வழியாக ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ராத்தல் குறைந்தது. கையெட்டும் தூரத்தில் கிடந்த சின்னச் சுத்தியலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

பாரம் தொடையில் இறங்கி, இருக்கையில் இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் போயிற்று. பெட்டியில் எண்கள் ஆடின, நின்றன. ஏப்ரலுக்கு முந்தின கார் அது. ஒரு ராத்தல் இப்படி அப்படி இல்லாமல் அதே கார்.

ஈயம் குளிராக இருந்தது. மேல் கட்டியில் 27, ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு. சன்னலுக்கு வெளியே வாளி கவிழ்ந்தபடி இருந்தது. அதன் மேல் சிலந்தி கட்டியிருந்தது.

"முன் இடது, எண்ணூத்தி எழுவத்தாறு" என்று சத்தமாகச் சொன்னார்.

எழுதுகிற நேரம் விட்டார்.

"ம்" என்றார்.

"முன் வலது."